முதுமலைக்குள்ள கிராவல் சைக்கிள் ஓட்ட வழி இருக்கா? பாண்டி, கடலூர் ஆளுங்க சொல்லுங்க

#1 முத்தியால்பேட்டை பெடல்

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி போனஸ்ல கிராவல் சைக்கிள் ஒண்ணு எடுத்துட்டேன், மண் ரோடு, சரளை ரோட்லயும் ஓட்டற மாதிரி வர்ற சைக்கிள். 40 மி.மீ. டயர், முன்னால ஒரே பல்சக்கரம், டிஸ்க் பிரேக். வீட்ல "கிராவல் சைக்கிள்"னு சொன்னதும் எங்கப்பா, "வானூர் பக்கத்துலேர்ந்து டிப்பர்ல அடிப்பாங்களே, அந்த கிராவலா? அதை ஏத்திட்டுப் போறதுக்கா சைக்கிள்?"னு கேட்டாரு. விலையைச் சொன்னதுக்கப்புறம் ரெண்டு நாள் பேசவே இல்ல.

இதுவரைக்கும் ஓட்டுனது ஈ.சி.ஆர்., ஆரோவில் செம்மண் பாதை, இரும்பை, இடையஞ்சாவடி. அவ்ளோதான். பொங்கல் லீவுக்கு நாலு பேர் முதுமலை போகலாம்னு இருக்கோம். வெளிநாட்டு வீடியோவுல பாக்கறேன், தேசியப் பூங்காவுக்குள்ளயே நாள் பூரா சரளை ரோட்ல ஓட்டிட்டு ராத்திரி அங்கயே கூடாரம் அடிக்கிறாங்க. சாட்டிலைட் மேப்புல பாத்தா முதுமலைக்குள்ளயும் கோடு கோடா மண் ரோடு தெரியுது. தெப்பக்காட்டுலேர்ந்து மாயாத்தை ஒட்டியே ஒண்ணு போகுது பாருங்க, அதைப் பாத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல.

அனுமதி எங்க வாங்கணும்? இந்த டயர் தாங்குமா? சைக்கிளை அங்க வரைக்கும் எப்படிக் கொண்டு போறது?

#2 நெல்லிக்குப்பம் டிராக்டர்

அந்தக் கோடெல்லாம் வனத்துறை ஜீப் போற தடம், தீத்தடுப்புக் கோடு. நமக்குப் போட்டதில்ல தம்பி.

#3 குறிஞ்சிப்பாடி கேரியர்

தம்பி, பூங்காவுக்குள்ள மண் ரோட்ல சைக்கிள் ஓட்ட வழி இல்ல. இதே கேள்வி வருஷத்துக்கு ரெண்டு தரம் வருது, அதனால கொஞ்சம் வெலாவாரியா எழுதிடறேன். நான் கூடலூர்ல ஆறு வருஷம் வேலை பாத்தவன், அந்தப் பக்கத்து ரோடெல்லாம் பழசா ஒரு ஸ்டீல் சைக்கிள்ல ஓட்டியிருக்கேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 27ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சரணாலயத்துக்குள்ள யார் யார் போகலாம்னு அதுல எழுதியிருக்கு: வேலை பாக்கற அரசு ஊழியர், அங்க குடியிருக்க அனுமதி உள்ளவங்க, உள்ள நிலம் வச்சிருக்கவங்க, இந்த மூணு வகை ஆளுங்களோட குடும்பம், அப்புறம் பொது நெடுஞ்சாலை வழியா கடந்து போறவங்க. மத்த எல்லாருக்கும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும். தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவுதான். 28ஆம் பிரிவுல எதுக்கெல்லாம் அனுமதி தரலாம்னு வருது, அதுல சுற்றுலாவும் உண்டு. "அப்ப நான் சுற்றுலாவுக்குத்தானே வரேன்"னு கேப்ப. முதுமலையில சுற்றுலான்னா தெப்பக்காட்டுல டிக்கெட் எடுத்து வனத்துறை வண்டியில உக்காந்து ஒரு சுத்து சுத்திட்டு வரது. அந்த வண்டியிலேர்ந்தே கீழ எறங்க விடமாட்டாங்க, நீ சைக்கிள்னு போய் நின்னா சிரிப்பாங்க.

அதனால நமக்கு மிச்சம் இருக்கறது அந்த "பொது நெடுஞ்சாலை" மட்டும்தான். கூடலூர் – தெப்பக்காடு, தெப்பக்காடு – மசினகுடி. ரெண்டும் தார் ரோடு. அதுக்குன்னு 40 மி.மீ. டயரை அங்க வரைக்கும் தூக்கிட்டுப் போகணுமான்னு யோசிச்சிக்க.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, அது வெறும் பூங்கா இல்ல. 1940லயே சரணாலயம் ஆன எடம், 2007லேர்ந்து புலிகள் காப்பகம். உள்வட்டம் மட்டும் 321 சதுர கி.மீ. ஒரு பக்கம் பந்திப்பூர், ஒரு பக்கம் வயநாடு, கிழக்கால சத்தியமங்கலம்னு யானைங்க இதையெல்லாம் ஒரே வீடா நெனச்சி நடக்குதுங்க. வீடியோவுல நீ பாத்த நாட்டுல காட்டுல அதிகபட்சம் கரடி, மான். அங்கயும் கரடிக்குப் பயந்து மணி கட்டிட்டுத்தான் ஓட்டறாங்க, அதை நீ கவனிச்சிருக்க மாட்ட.

முக்கியமான விஷயம், சைக்கிளுக்குச் சத்தம் இல்ல. கார், லாரி, புல்லட்டு எல்லாம் அரை கிலோமீட்டர் முன்னாடியே "வரேன், வரேன்"னு சொல்லிட்டு வரும். நீ இருபது கி.மீ. வேகத்துல சத்தமே இல்லாம வளைவுல திரும்புவ, அங்க குட்டியோட ஒரு தாய் நிக்கும். ரோட்டோரம் பூரா உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கெடக்கு, பத்தடி தள்ளி யானை நின்னாலும் தெரியாது. அதுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திடுக்கிடுவீங்க, ஆனா திடுக்கிட்டா என்ன பண்ணணும்னு அதுக்கு நல்லாத் தெரியும்.

#4 முத்தியால்பேட்டை பெடல்

அண்ணே, இவ்ளோ எழுதுனதுக்கு நன்றி. மனசு ஒடைஞ்சிடுச்சி. ஆனா என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு ஒருத்தர் தெப்பக்காடு – மசினகுடி சைக்கிள்ல போய் போட்டோ போட்டிருக்காரே?

#5 குறிஞ்சிப்பாடி கேரியர்

அதான் சொன்னேனே, அது பொது ரோடு. பகல்ல போறவங்க உண்டு. ஆனா யானை நடமாட்டம் இருந்தா சோதனைச்சாவடியில நிறுத்திடுவாங்க. ஒரு தரம் என்னையும் நிறுத்தி, சைக்கிளை ஒரு பிக்கப் வண்டியில ஏத்திவிட்டாங்க. நான் முணுமுணுத்துக்கிட்டேதான் ஏறுனேன். ரெண்டு கிலோமீட்டர்ல ஏன்னு புரிஞ்சிது, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏழெட்டு நின்னுச்சு.

#6 ஸ்போக் சிங்கம்

எல்லாரும் ஓவரா பயமுறுத்தாதீங்க. மசினகுடியில ஜீப் ஓட்டற ஆளுங்க இருக்காங்க. காசு குடுத்தா விடியக்காலையில ஒரு மண் ரோட்ல கூட்டிட்டுப் போய் விடுவாங்க. நாங்க போனோம், ஒண்ணும் ஆகல. நம்பர் வேணும்னா தனியா மெசேஜ் பண்ணு.

#7 தாழங்குடா அலை

சிங்கம் சார், "ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்க மட்டும்தான் திரும்பி வந்து எழுத முடியும். 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி 23 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்கே தனியா விதி வந்துச்சி. இப்ப அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு பாதை பாதையா பிரிச்சு, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போறாங்க, 2024லேர்ந்து. அதெல்லாம் நடக்கறவங்களுக்கு. சைக்கிளுக்கு அப்படி ஒண்ணு வந்தா முதல் ஆளா நான் பேர் குடுப்பேன். அது வரைக்கும் அந்த நம்பரை யாருக்கும் தராதீங்க.

பெடல் தம்பி, என் கதையைச் சொல்றேன். நாலு வருஷம் முன்னாடி மசினகுடியிலேர்ந்து தெப்பக்காடு, காலையில எட்டு மணி, நான் ஒருத்திதான். மொதல்ல வாசனை வந்துச்சி. மாட்டுத்தொழுவத்துல பச்சைத் தழையைக் கசக்கிப் போட்ட மாதிரி. ரோட்டு நடுவுல யானை லத்தி, இன்னும் ஆவி போயிட்டிருந்துச்சி. எனக்கு அப்பக்கூட ஒறைக்கல, போட்டோ எடுக்கலாமான்னு யோசிச்சேன். அப்புறம்தான் இடது பக்கம் மூங்கில் முறியற சத்தம், பட்டாசு மாதிரி. மிதிக்கறதை நிறுத்திட்டேன். நிறுத்துனதும் பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக்டிக்டிக்னு கத்துது! நம்ம ஊர்ல அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் புது சைக்கிள்னு ஒரு பெருமை. அங்க எனக்கு உயிரே போச்சு. செடிக்கு மேல ஒரு தலை தெரிஞ்சது, காது ரெண்டும் ஆடாம விரிஞ்சி நின்னுச்சி.

பின்னால காய்கறி ஏத்திட்டு வந்த ஒரு மினிலாரி. டிரைவர் ஆரன் அடிக்கல, ஒண்ணும் பேசல. எனக்கும் யானைக்கும் நடுவுல வண்டியைக் கொண்டு வந்து, நடக்கற வேகத்துல உருட்டுனாரு. நான் அந்த மறைவுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்தேன். தாண்டுனதும் ஜன்னல்லேர்ந்து, "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு மட்டும் கேட்டாரு. அதுக்கப்புறம் அந்த ரோட்ல நான் சைக்கிள் எடுக்கல.

#8 ஸ்போக் சிங்கம்

சரிக்கா. நம்பர் யாருக்கும் தரல. விடுங்க.

#9 வில்லியனூர் செயின்

நீலகிரியே போயாகணும்னு பிடிவாதமா இருந்தா சில விஷயம். கார்ல சைக்கிளைக் கட்டிட்டு ஊட்டி போனா இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துலேர்ந்து. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துக்குள்ள தடை, சைக்கிள் பாட்டில்லயே நிரப்பிக்கங்க. தெப்பக்காடு தாண்டி பந்திப்பூர் ரோடு ராத்திரி 9லேர்ந்து காலையில 6 வரைக்கும் மூடிடும், 2009லேர்ந்து அப்படித்தான். சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதைக்கும் 2022லேர்ந்து ராத்திரித் தடை. மசினகுடி – ஊட்டி கல்லட்டி ரோட்ல 36 கொண்டை ஊசி. நம்ம ஊர் கால் அதுக்குத் தாங்குமான்னு தெரிஞ்சிக்க முதல்ல அரும்பார்த்தபுரம் மேம்பாலத்துல இருபது தரம் ஏறி எறங்குங்க. பாண்டிக்கு இருக்கற ஒரே மலை அதுதான்.

மசினகுடி சுத்தி ரிசார்ட்டுக்குப் போற மண் ரோட்ல ஓட்டலாமேன்னு சிலர் சொல்வாங்க. அது சீகூர் யானை வழித்தடம். அதுல கட்டுன ரிசார்ட் விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2020ல யானை பக்கம் தீர்ப்பாச்சு. நாம வேற அங்க போய் எதுக்கு.

#10 சின்னசேலம் பாசஞ்சர்

எல்லாரும் "போகாத, போகாத"ங்கிறீங்களே, எங்க போகலாம்னு ஒருத்தராவது சொன்னீங்களா? தம்பி கேக்கறது காடு, மலை, மண் ரோடு. மூணும் நம்ம பக்கத்துலயே இருக்கு. கல்வராயன் மலை.

தேசியப் பூங்கா இல்ல, புலிகள் காப்பகம் இல்ல. பாதிக் காடு, பாதி ஊரு. மலைமேல மலையாளி பழங்குடி மக்களோட ஊருங்க ஏராளம். ஊருக்கு ஊர் போற ரோடு பொது ரோடு, அதுல ஓட்ட யார்கிட்டயும் கேக்க வேணாம். 1976 வரைக்கும் இந்த மலையே ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சி. அதுக்கப்புறம்தான் சர்க்கார் உள்ள வந்து ரோடு போட ஆரம்பிச்சது. அதனால கப்பி மட்டும் கொட்டி உருளை ஏத்தாம விட்ட ரோடு, மழையில தார் கழண்டு ஜல்லி பல்லைக் காட்டற ரோடு, வெறும் செம்மண் ரோடு, எல்லா வகையும் உண்டு. அங்க இருக்கறவங்களுக்கு அது கஷ்டம், பிரசவத்துக்குத் தூக்கிட்டு ஓடற ரோடு அது. நமக்கு விளையாட்டு. அதை மனசுல வச்சிக்கிட்டு ஓட்டுங்க, "அய்யோ தார் போட்டுட்டாங்களே"ன்னு அங்க போய்ச் சொல்லாதீங்க. நான் ஒரு தரம் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

போற வழி. பாண்டியிலேர்ந்து கள்ளக்குறிச்சி 110 கி.மீ.க்கு மேல, நாலு வழிச்சாலையில அதை மிதிக்கறது வீண். கடலூர்லேர்ந்து விருத்தாசலம் வழியா சேலம் போற ரயில் பாதையில சின்னசேலம் ஸ்டேஷன் இருக்கு. முன்சக்கரம், பெடல் கழட்டி, பழைய போர்வை சுத்திக் கட்டி, லக்கேஜா புக் பண்ணிடுங்க. நேரத்தை முன்னாடியே பாத்து வச்சிக்கங்க, அந்தப் பாதையில வண்டி கம்மி. அங்கேர்ந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை. அணையில தண்ணி நிரப்பிக்கிட்டு மலை ஏறுனா கரியாலூர், வெள்ளிமலை பக்கம் வந்துடும். இது வரைக்கும் தார். வெள்ளிமலையில டீ குடிச்சிட்டு அங்கேர்ந்து பிரியற கிராமத்து ரோடுங்கள்ல புகுந்தீங்கன்னா அதுதான் நீங்க தேடற சரக்கு. தெம்பு இருந்தா மறுபக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை வரைக்கும் போகலாம், அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கற ஊரு. வடக்கால சின்னக் கல்வராயன் சராசரியா 2,700 அடி, தெக்கால பெரிய கல்வராயன் 4,000 அடி. கொடைக்கானல் குளிரெல்லாம் எதிர்பாக்காதீங்க, ஆனா மார்கழி, தை மாசத்துல காலையில கை விறைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காட்டுப் பகுதி காப்புக்காடு. ஊரு முடிஞ்ச எடத்துல ரோடு ஒத்தையடியா மாறி மரத்துக்குள்ள நுழைஞ்சா நின்னு கேளுங்க. அனுமதியில்லாம காப்புக்காட்டுல நுழையறது 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படி குத்தம். அது போக கரடி இருக்கு, சாயந்திரத்துல எறங்கி வரும். நாலு மணிக்கு மேல மலைமேல மண் ரோட்ல இருக்காதீங்க.

#11 போளூர் பக்கம்

ஜவ்வாது மலையை ஏன் விட்டுட்டீங்க? ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி. கல்வராயனை விட ரோடு நல்லாருக்கும்.

#12 சின்னசேலம் பாசஞ்சர்

ரோடு நல்லாருக்கும்னுதான் விட்டேன்.

#13 பாகூர் வாய்க்கால்

மலையெல்லாம் இருக்கட்டும். போறதுக்கு முன்னாடி மண்ணுல ஓட்டிப் பழகணும், அதுக்கு நம்ம ஊரு போதும். சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பாகூர் ஏரி வரைக்கும் பங்காரு வாய்க்கால் கரை, அப்படியே ஏரிக்கரை ஒரு சுத்து. கடலூர்க்காரங்க தென்பெண்ணைக் கரையில போவாங்க, ஆனா 2024 ஃபெஞ்சல் வெள்ளத்துக்கு அப்புறம் கரை பல எடத்துல அறுத்துக்கிட்டுப் போயிருக்கு. திடீர்னு அஞ்சடி பள்ளம் வரும், தலை தெறிக்க ஓட்டாதீங்க. ஏத்தம் வேணும்னா கேப்பர் மலை. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும், திரும்பத் திரும்ப ஏறலாம்.

முக்கியமா வேலிக்காத்தான் முள்ளு. நம்ம ஏரிக்கரை, ஆத்தங்கரை எதுலயும் அது இல்லாத எடமே கெடையாது. விறகு வெட்டி இழுத்துட்டுப் போன தடத்துல முள்ளு மட்டும் மண்ணோட மண்ணா படுத்திருக்கும், ஒண்ணரை அங்குலம், ஆணி மாதிரி. ட்யூப் போட்ட டயர்னா ஒரு சுத்துக்கு மூணு பஞ்சர். ட்யூப் இல்லாத டயருக்கு மாறி உள்ள சீலண்ட் ஊத்திடுங்க, ஓட்டையைத் தானா அடைக்கற பால் மாதிரி திரவம் அது. முள்ளு குத்துனா உடனே புடுங்காதீங்க, சக்கரத்தைச் சுத்தி ஓட்டையைக் கீழ் பக்கம் கொண்டு வந்துட்டு அப்புறம் புடுங்குங்க. பால் அங்க தேங்கி அடைச்சிக்கும். நம்ம வெயில்ல சீலண்ட் ரெண்டு மூணு மாசத்துல காஞ்சி ரப்பர் உருண்டை ஆயிடும், தொறந்து பாத்து ஊத்திக்கிட்டே இருக்கணும்.

#14 வில்லியனூர் செயின்

காத்து எவ்ளோ வைக்கணும்னு சொல்லலியே. நான் 60 பி.எஸ்.ஐ. வைக்கறேன்.

#15 பாகூர் வாய்க்கால்

60 வச்சா கப்பி ரோட்ல பல்லு கொட்டிடும். 40 மி.மீ. டயர், 70 கிலோ ஆளுன்னா முன்னால 32, பின்னால 35ல ஆரம்பிங்க. காஞ்ச செம்மண் மாவு மாதிரி இருக்கும், டயர் கொஞ்சம் அமுங்குனாத்தான் புடிக்கும். அதே செம்மண்ணு மழை பேஞ்சா சோப்பு. அப்ப எவ்ளோ காத்து வச்சாலும் ஒண்ணுதான், எறங்கித் தள்ளுங்க.

#16 குறிஞ்சிப்பாடி கேரியர்

பின்சக்கரத்துல இருக்கற பெரிய பல்சக்கரத்துக்கு 42 பல்லு இருக்கான்னு பாத்துக்க தம்பி. கடையில 34 போட்டுக் குடுத்திருந்தா மூட்டு போயிடும். வெள்ளிமலை ஏத்தத்துல ஒரு பஸ் உன்னைத் தாண்டிப் போகும், கண்டக்டர் சிரிப்பாரு. கண்டுக்காத.

#17 முத்தியால்பேட்டை பெடல்

போயிட்டு வந்துட்டோம்! காணும் பொங்கலுக்கு மறுநாள் கெளம்பி ரெண்டு நாள். நாலு பேர் சொல்லி மூணு பேர்தான் போனோம், நாலாமவனுக்கு மாமியார் வீடு.

ரயில்ல சைக்கிளைப் போர்வை சுத்தி ஏத்துனப்ப, பக்கத்துல நின்னவரு "பொணமா தம்பி?"ன்னு கேட்டாரு. அது ஒண்ணுதான் சிரமம். கோமுகி அணைக்கு மேல ஏத்தம் என்னைக் கொன்னுடுச்சி. கேரியர் அண்ணன் சொன்ன மாதிரியே பஸ் தாண்டுச்சி, கண்டக்டர் சிரிக்கல, தம்ளர்ல தண்ணி வேணுமான்னு சைகை காட்டுனாரு.

வெள்ளிமலை தாண்டி ஒரு செம்மண் ரோட்ல புகுந்தோம். ரெண்டு பக்கமும் மரவள்ளி, நடுவுல பலா மரம், தூரத்துல மலை மடிப்பு மடிப்பா. ஒரு ஊர்ல ரோடு பூரா கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தாங்க. நான் எறங்கி ஓரமா தூக்கிட்டுப் போகப் பாத்தேன். ஒரு பாட்டி விடல. "மேலயே ஓட்டு சாமி, வண்டி போனாத்தான் காய் உதிரும்"னுச்சி. சரின்னு மூணு பேரும் வரிசையா ஏத்துனோம். பாட்டி குனிஞ்சி ஒரு கொத்தை எடுத்துப் பாத்துட்டு, "இதுல கனமே இல்லயே, இன்னும் நாலு தரம் போ"ன்னுச்சி. போனோம். நாலு தரம், திரும்பித் திரும்பி, கொள்ளு டயருக்கு அடியில சடசடன்னு உடையுது. பேத்தி பொண்ணு சிரிச்சி சிரிச்சி அப்படியே உக்காந்துடுச்சி. அவிச்ச கிழங்கும் மொளகாத் துவையலும் குடுத்தாங்க, காசை நீட்டுனா கோவம் வந்துடுச்சி பாட்டிக்கு.

அதுக்கு மேல ரோடு ரெண்டா பிரிஞ்சது. கீழ் ரோடு இன்னொரு ஊருக்கு. மேல் ரோடு அப்படியே மரத்துக்குள்ள, மேப்புல பாத்த அதே மாதிரி. ஆடு ஓட்டிட்டு வந்தவரைக் கேட்டேன். "அது ரிசர்வு, சாயந்திரம் கரடி வரும்"னாரு. மணி மூணே கால். அஞ்சு நிமிஷம் அங்கயே நின்னு பாத்துட்டு கீழ் ரோட்ல எறங்கிட்டோம்.

தாழங்குடா அக்கா, ஆடுங்க திடுக்கிடாம இருக்க, அந்த ஆட்டுக்காரர் கிட்ட வந்ததும் நான் மணி அடிச்சேன். மிதிக்கறதை நிறுத்துனதும் ஃப்ரீவீல் கத்துச்சி, உங்க ஞாபகம் வந்துச்சி.

டயர்லேர்ந்து 11 முள்ளு எடுத்தேன், ஒண்ணுகூட மலையில குத்துனது இல்ல, எல்லாம் ஊருக்குள்ள கடலூர் ஸ்டேஷன் பக்கம் குறுக்கு வழியில குத்துனது.

#18 தாழங்குடா அலை

கொள்ளு போட்டோ போடு.

#19 முத்தியால்பேட்டை பெடல்

எடுக்கலக்கா. கையெல்லாம் கிழங்கு.

#20 வில்லியனூர் செயின்

11 முள்ளுக்கும் காத்து எறங்கலியா? என்ன சீலண்ட், எத்தனை மில்லி ஊத்துன?